கோபத்துக்குப் புதுச்சேலையா?

குழந்தைகளே, நான் சின்னாளபட்டியில் சேலை நெய்பவன். என் மகள், கணவன் மனைவிக்குள் வரும் பிணக்குகளுக்குப் போனில் ஆலோசனை சொல்கிறாள். வெறும் பேச்சில் எப்படிச் சேர்த்துவைக்கிறாள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஒருநாள் அவள் குளிக்கப் போனபோது வந்த அழைப்பை நானே எடுத்துவிட்டேன்.

"பொண்டாட்டி மூணு நாளாப் பேசல. அண்ணன் வீட்டுக்குப் போறேங்கிறா" என்றார் ஒருவர்.

"அம்புட்டுத்தானே! புதுச்சேலை எடுத்துக் குடு அப்பு, சரியாயிரும்."

மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஏன் பேசலைன்னு கேட்டீங்களாப்பா?"

"கேக்கலையே!"

அவள் உடனே அவரை அழைத்து விசாரித்தாள். மனைவியின் இறந்துபோன அம்மா கட்டிய சேலையை, பழந்துணி என்று, துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பாத்திரக்காரரிடம் அவர் போட்டுவிட்டாராம். மகள் அழைத்தபோது, நான் சொன்னபடி புதுச்சேலை எடுக்க ஜவுளிக்கடை வாசலில் நின்றிருக்கிறார்!

"வாங்காதீங்கண்ணே. மொதல்ல மன்னிப்புக் கேளுங்க. ரெண்டு பேருமாப் போயி அந்தப் பாத்திரக்காரரத் தேடுங்க" என்றாள். நல்லவேளை, சேலை கிடைத்துவிட்டது.

இப்போதெல்லாம் என் சின்னப் பேத்தி அழுதால் மிட்டாயை நீட்டுவதில்லை. "ஏன்டா?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.