இரண்டாயிரம் சுற்று கேட்ட கோமளா

மணவூர் ரயில் நிலையத்தில் காலை வண்டிக்காக நின்றிருந்தபோது கோமளாவின் கணவர் போன் செய்தார். “கோமளா போயிட்டாம்மா. டீ போட்டுகினு இருந்தா, அப்டியே சாஞ்சிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி.” வண்டி வந்தது, போனது. நான் ஏறவில்லை.

பள்ளிப்பட்டில் அடக்கம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன். கே.ஜி.கண்டிகைக்குப் போகும் சாலையில் இருக்கும் நம் மருந்துத் தொழிற்சாலையின் வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். ‘லேபிள் பிரிவின் அமைதியான ஊழியருக்குக் கண்ணீர் அஞ்சலி.’ படித்ததும் மூண்ட ஆத்திரம் இன்னும் தணியவில்லை. கோமளாவோடு வேலை பார்த்த தோழர்களே, உங்களுக்குத் தெரியும். குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தைக் கலக்கும் பிரிவில் பதினோரு வருடம் நின்றவர் அவர். லேபிள் ஒட்ட வந்தவர் அல்ல. அமைதியானவரும் அல்ல.

பெரிய தொட்டி வந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். பழைய சின்னத் தொட்டிக்கு எழுதிய கலக்கும் நேரமான இருபது நிமிடத்தையே இதற்கும் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார் மேலாளர். கோமளா தொட்டியின் மூடியைத் திறந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உள்ளே சுழலும் கலக்கியின் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“சார், பழைய டேங்க்ல நிமிஷத்துக்கு நூறு சுத்து. இது நாப்பதுதான் சுத்துது. நிமிஷத்த கேக்காதீங்க, எத்தினி சுத்து சுத்திச்சினு கேளுங்க. ரெண்டாயிரம் சுத்து வேணும்னா அம்பது நிமிஷம் ஆவும். பாகு கெட்டியா இருந்தா இன்னும் கூட ஆவும்.”

“மேலேர்ந்து வந்த தாளும்மா அது. உனக்கின்னா தெரியும்?”

இருபதாவது நிமிடத்தில் கலக்கி நின்றது. தொட்டியின் மேல்மட்டத்திலிருந்து எடுத்த மாதிரியைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று எழுதியவள் நான். ஆய்வகத்தில் நான்தான் பொறுப்பு. மை காய்வதற்குள் கோமளா உள்ளே வந்தார். தொட்டியின் அடியிலுள்ள குழாயில் பிடித்த கண்ணாடிக் குவளையை என் மேசையில் வைத்தார்.

“இதையும் பாரு.”

பார்த்தேன். மருந்து இருக்கவேண்டிய அளவைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தது. கடைசியில் ஊற்றிய கனமான மருந்துக் கரைசல் முழுதாகக் கலக்காமல் அடியிலேயே தங்கியிருந்தது. மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று, “அத எழுதாத” என்றார். நான் பேனாவை மூடினேன். இதையும் உங்களிடம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கோமளா என்னைத் திட்டவில்லை. மேலாளரைப் பார்த்துத்தான் கேட்டார்: “அடியில இருக்கிறது எந்தக் கொழந்தைக்குப் போவும், மேல இருக்கிறது எந்தக் கொழந்தைக்குப் போவும்? நீங்களே சொல்லுங்க சார்.”

கேட்டவர் திரும்பிப்போய்க் கலக்கியை மறுபடி ஓடவிட்டார். பாட்டிலில் நிரப்பும் குழாயைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மேலாளர் கத்தினார், வேலை போய்விடும் என்றார். “ஆங், போவட்டும். ரெண்டாயிரம் ஆவட்டும், தர்றேன்.” சொன்னபடியே நின்றார். அதற்குப் பிறகு மேல், நடு, அடி மூன்று இடத்திலும் நான் எடுத்த அளவு ஒன்றாக வந்தது. அந்த மருந்தால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அதற்குக் காரணம் கோமளா ஒருவர்தான்.

மறுவாரம் அவரை லேபிள் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒழுங்கை மீறிவிட்டாராம்! இரண்டு மாதம் கழித்து, பெரிய தொட்டிக்கு ஐம்பது நிமிடம் என்று புதிய தாள் வந்தது. ‘நேரம் கணித்தவர்’ என்ற இடத்தில் மேலாளரின் பெயர். கூட்டம் போட்டு அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். கடைசி வரிசையில் நின்றிருந்த கோமளா என் காதில், “பேரு யாருதா வேணா இருக்கட்டும், அம்பது நிமிஷம் சுத்துதா பாத்துக்கோ” என்றார். அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது. என்னால் முடியாது. நான்கு வருடம் அந்த மூளையை லேபிள் ஒட்ட வைத்தார்கள். நாம் அத்தனை பேரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

கோமளாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பிடிவாதம்தான், தாமதமாகவேனும். இன்று காலை அந்தத் தாளில் மேலாளர் பெயரை ஒரு கோடு போட்டு அடித்து, ‘கோமளா’ என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். மேலாளர் கூப்பிட்டு, திருத்தச் சொன்னார்.

“திருத்திட்டேன் சார்” என்றேன்.