நாற்பத்து மூன்று ஜோடிக் கம்மல்

அந்த நகைக்கடையில் எல்லோரும் அவளை முத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இருபத்தோரு வருடமாக அவளுக்கு ஒரே இடம். கடையின் இடது மூலையில், தெருவைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஓர் உயரமான ஸ்டூல். தங்கப் பிரிவில் குளிர்ந்த காற்று நேராக முகத்தில் அடிக்கும். ஜன்னலோரம் பகல் முழுக்க வெயில். இடம் மாற்றித் தருவதாக இரண்டு முறை சொல்லியும் அவள் மாறவில்லை. விளக்கு வெளிச்சத்தில் எல்லா முத்தும் அழகுதான், பகல் வெளிச்சம்தான் உண்மை பேசும் என்பது அவள் கட்சி.

அவளுடைய வேலை ஜோடி சேர்ப்பது. வளர்ப்பு முத்துகள் பொட்டலம் பொட்டலமாக வரும். வெள்ளைத் துணியில் கொட்டி, ஒரு காதுக்கு ஒன்று என்று இரண்டு முத்து தேடுவாள். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஒன்று லேசாக ரோஜா நிறம் அடிக்கும், மற்றது பச்சை. நிறம் ஒத்துப்போனால் பளபளப்பு காலை வாரும். பளபளப்பு சரியாக வந்தால் ஒன்று மட்டும் அடியில் தட்டையாக இருக்கும். சில ஜோடிக்கு மூன்று மாதம் காத்திருந்திருக்கிறாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் கடைக்கு வந்தவர் துணியில் பரப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு, "எனக்கு எல்லாம் தலைவலி மாத்திரை மாதிரிதான் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பிரிவுப் பெண்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

கம்மல் வாங்க வருகிறவர்களை முதலில் கண்ணாடி முன் நிற்க வைப்பாள். பெரிய முத்தாகக் காட்டச் சொன்னால், வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். மூஞ்சிதான் முதலில் தெரிய வேண்டும், கம்மல் அப்புறம்தான் என்பாள். விற்றது போதும் என்று விட்டுவிட மாட்டாள். பவுடர், சென்ட், தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கம்மல். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்ற வேண்டியதும் அதுதான். மெத்தென்ற பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். தண்ணீரில் ஊறப்போட்டால், காதுக்குள் போகிற தண்டோடு முத்தை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டினால் வறண்டு விரிசல் விடும். வளையலோடு சேர்த்துப் போட்டால் கீறல் விழும். இதையெல்லாம் வாங்கியவர் திரும்பச் சொல்லிக் காட்டினால்தான் பெட்டியைக் கையில் கொடுப்பாள். வருடத்துக்கு ஒருமுறை தண்டு ஆடுகிறதா என்று பார்த்துத் தருவதற்காக ஒவ்வொருவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அம்மா வாங்கிய இடத்துக்கு மகளும் வந்தாள். கடையின் பெயரை மறந்தவர்கள்கூட ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அம்மாவை மறக்கவில்லை.

கடை முதலாளியை அவள் அண்ணா என்று கூப்பிட்டாள். மற்றவர்களுக்கு அவர் சார். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. கை லிஃப்ட் கம்பியில் சிக்கிக் கணவர் ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தினமும் மாலையில் தன் காரிலேயே அவளைக் கொண்டுபோய் விட்டவர் அவர். வார்டுக்குள் வந்து, பேச ஒன்றும் இல்லாமல் கால்மாட்டில் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போவார். அதன் பிறகு அவர் ஒன்று சொல்லி அவள் மறுத்ததில்லை.

நாற்பத்தாறு வயதில் அவளுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. கண்ணாடி போட்டும் மாலையானால் நெற்றிப்பொட்டு தெறித்தது. முதலாளி அதைக் கவனித்துவிட்டார். ஒருநாள் அவள் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, "இனிமே இந்த ஜோடி தேடுற வேலை வேணாம்மா. கோத்து, பொருத்தி, தயாரா வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணிட்டேன். உன் கண்ணைக் கெடுத்து நான் கடை நடத்தணுமா?" என்றார். வீட்டில் இதை அவள் இரண்டு தடவை சொன்னாள். கணவர்கூட, இந்தக் காலத்தில் யார் இப்படி நினைக்கிறார்கள் என்றார்.

முதல் பெட்டியை அவள் முன்னாலேயே பிரித்தார். பன்னிரண்டு ஜோடி. எதற்கும் பார்த்துவிடும்மா என்றும் அவரே சொன்னார். அவள் ஒவ்வொன்றையும் முன்பல்லின் நுனியில் மெல்ல உரசிப் பார்த்தாள். நல்ல முத்து மெல்லிய மணல் மாதிரி நெருடும், போலி வழுக்கும். பன்னிரண்டும் நெருடின. அடுத்த பெட்டிகளை அவள் உரசிப் பார்க்கவில்லை. அவற்றில் முத்துகள், பாதி மறைகிற அளவுக்கு ஆழமான உலோகக் கிண்ணத்தில் பதித்து வந்தன. துளை எங்கே என்று தெரியாது. இவ்வளவு கச்சிதமாக ஜோடி சேர்ந்திருக்கிறதே என்று ஒன்றிரண்டு தடவை அவளுக்குத் தோன்றியது உண்டு. தான் மூன்று மாதம் தேடியதை வேறு யாரோ ஒரே நாளில் தேடிவிடுகிறார்கள் போல என்று கொஞ்சம் பொறாமையும் பட்டாள். அவ்வளவுதான்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு முற்பகலில் தபால்கார அம்மா வந்தாள். அந்த வட்டாரத்தில் முப்பது வருடம் கடிதம் கொடுத்தவள். ஓய்வு பெறும் நாளில் போட்டுக்கொள்வதற்காக முந்தைய வருடம் இங்கேதான் கம்மல் வாங்கினாள். பெட்டியைத் திறந்து வைத்தாள். இரண்டு முத்தும் மங்கிப்போய், ஒன்றின் ஓரம் தோல் உரிந்து நின்றது.

முத்தக்கா அதைப் பார்த்த மாத்திரத்தில் சென்ட் என்று முடிவு கட்டிவிட்டாள். வியர்வையோடு வெயிலில் போட்டுச் சுற்றியிருப்பீர்கள், படித்துப் படித்துச் சொன்னேனே என்று கடிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தபால்கார அம்மா முகம் சிவந்து போனாள். சத்தம் போடவில்லை. கைப்பையிலிருந்து நான்காக மடித்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து விரித்தாள்.

"நான் சென்ட் அடிக்கிறதே இல்லம்மா. விசேஷத்துக்கு நாலு தடவை போட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் இந்தத் துணியாலதான் துடைச்சேன். நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்."

துணியில் மடிப்பு நெடுக வெள்ளி நிறத் துகள் ஒட்டியிருந்தது. முத்திலிருந்து அப்படித் துகள் வராது. முத்தக்கா கம்மலை எடுத்துப் பல்லில் உரசினாள். வழுக்கிக்கொண்டு போனது. சின்னக் குறடால் கிண்ணத்தை நெம்பி முத்தை வெளியே எடுத்தாள். துளையைச் சுற்றிப் பூச்சு, பால் ஏடு மாதிரி சுருண்டிருந்தது. அதற்கு அடியில் கண்ணாடி.

தபால்கார அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டுத் தன் பெட்டியில் இருந்த தட்டை வெளியே எடுத்தாள். பதினான்கு ஜோடி இருந்தன. மூன்று நெருடின. பதினொன்று வழுக்கின. அசலையும் போலியையும் கலந்து வைத்திருந்தார்கள்.

அவள் தட்டைக் கொண்டுபோய்க் காட்டியதும் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அனுப்புகிறவன் என்னையும் சேர்த்து ஏமாற்றிவிட்டான் என்றார். குரல் தழுதழுத்தது. தபால்கார அம்மாவிடம் அவரே எழுந்து வந்து கை கூப்பினார், பணத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்தார். முத்தக்காவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கவலைப்படாதீங்க அண்ணா, மற்ற வாடிக்கையாளர்களை நான் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன் என்று ஆறுதல் சொன்னாள். அவசரப்படாதே, நாளைக்குப் பேசலாம் என்றார் அவர்.

அன்று மாலை மகள் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் முத்தக்காவின் கண் அவள் காதில் போய் நின்றது. அவள் பரீட்சையில் முதலாவதாக வந்ததற்கு முதலாளி கொடுத்த கம்மல் அது. புதுச் சரக்கில் வந்தது, உன் மகளுக்கு என்று சொல்லித் தன் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார். மகளைக் கழற்றச் சொன்னாள். போலியாக இருந்துவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது, தெரியாமல் கொடுத்ததை நினைத்து அவர் எவ்வளவு கூனிக்குறுகிப் போவார் என்றுதான் அவளுக்குக் கவலை.

பல்லில் உரசினாள். நெருடியது. இன்னொன்று. அதுவும் நெருடியது.

ஜன்னலண்டை கொண்டுபோய் மிச்சமிருந்த வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டும் ஒரே பாலாடை நிறம், ஒரே ரோஜா சாயல். இது கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தது இல்லை. போலி எது, அசல் எது என்று தெரிந்த ஒருவர் அசலாகப் பார்த்துத் தனியாக எடுத்து வைத்தது.

கணவர் மெதுவாக, தற்செயலாகவும் இருக்கலாமே என்றார். அவள் கம்மலை மகள் கையில் கொடுத்துவிட்டு, அடுப்படியில் போய் நின்றாள். வெகுநேரம் குழாயைத் திறந்து விட்டபடி நின்றிருந்தாள். கழுவுவதற்குப் பாத்திரம் எதுவும் இல்லை.

காலையில் முதலாளியிடம் அவள் ஒன்றைத்தான் கேட்டாள். "என் பொண்ணுக்குக் கொடுத்தது மட்டும் எப்படி அண்ணா நல்லதா இருந்துச்சு?"

அவர் மேசை மேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். பிறகு, நிதானமாகவே சொன்னார்: "உன் வீட்டுக்குப் போய் நான் போலியைக் கொடுப்பேனா?"

அதைப் பெருமையாகச் சொன்னார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. அவள் நன்றி சொல்வாள் என்றுகூட அவர் எதிர்பார்த்தது போலிருந்தது. எல்லாக் கடையிலும் நடப்பதுதான் என்றார். திரும்ப வருகிறவர்களுக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம், வராதவர்கள் சந்தோஷமாகத்தானே போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அவள் எல்லோருக்கும் சொல்லப் போகிறேன் என்றதும் அவர் குரல் மாறியது.

"கடையைப் பாத்தா வாங்கினாங்க? நீ நல்லா இருக்குன்னு சொன்னதாலதானே வாங்கினாங்க. சொல்லிப் பாரு. யாரு பேரு கெடுதுன்னு பாப்போம்."

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. கண்ணுக்கு ஓய்வு கொடுத்தது, முதல் பெட்டியை உரசிப் பார்க்கச் சொன்னது, ஆழமான கிண்ணம். அவளுடைய தலைவலியைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் வருந்தவில்லை, வழி கண்டுபிடித்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் கால்மாட்டில் நின்ற ஆறு வாரத்தை என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. அது நிஜமாக இருந்தால் இது எப்படி? இது நிஜமென்றால் அது எதற்கு?

அவள் தன் ஸ்டூலுக்குப் போய் நோட்டைப் பிரித்தாள். பொருத்திய கம்மல் வர ஆரம்பித்த பிறகு அவள் கையால் விற்றது நாற்பத்து மூன்று ஜோடி. தபால்கார அம்மாவைக் கழித்தால் நாற்பத்து இரண்டு பேர். பெட்டி மேல் இருந்த கடைத் தொலைபேசியை இழுத்து வைத்து முதல் எண்ணைச் சுழற்றினாள். முதலாளி தன் அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடையில் வாடிக்கையாளர்கள் இருந்ததால் வந்து பிடுங்கவும் முடியவில்லை.

எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். நான் விற்ற கம்மல் போலியாக இருக்கலாம், கொண்டுவாருங்கள், பணத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒருவர் நன்றி சொன்னார். ஒருத்தி, மாமியாருக்கு வாங்கிக் கொடுத்தது, தயவுசெய்து வீட்டு எண்ணுக்கு மறுபடி கூப்பிடாதீர்கள் என்றாள். ஒரு வயதான அம்மா, பரவாயில்லை, எனக்கு இது பிடித்திருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். அம்மா வாங்கி, பிறகு மகள் வாங்கிய வீட்டில் மகள்தான் எடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தெரிஞ்சேதான் வித்தீங்களா?" என்றாள். இல்லை என்றாள் முத்தக்கா. எதிர்முனையில் லைன் அறுந்தது. மதியத்துக்குள் முப்பத்தேழு பேரிடம் பேசிவிட்டாள். மீதி ஐந்து எண்கள் மாறியிருந்தன.

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மறுநாள் அவள் போகவில்லை.

அந்த வாரம் கடையில் கூட்டம் நெரிந்ததாம். முதலாளி யாரிடமும் வம்பு வைத்துக்கொள்ளவில்லை, பணத்தைக் கொடுத்தார். கொடுக்கும்போதெல்லாம், அந்தம்மாதான் சரக்கு பார்த்து எடுத்தது, நானும் நம்பித்தான் மோசம் போனேன் என்று சொன்னார். பக்கத்தில் நின்ற பெண்கள், அக்கா என்று ஒரே டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டவர்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களுக்கும் வேலை வேண்டுமே என்று கணவரிடம் அவளே அவர்களுக்காகப் பரிந்து பேசினாள். பேசி முடித்து அழுதாள்.

பேருந்தில் ஒருமுறை, பழைய வாடிக்கையாளர் ஒருத்தி அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். முத்தக்கா வேறு இரண்டு நகைக்கடைகளில் வேலை கேட்டுப் போனாள். இரண்டிலும் மரியாதையாக உட்கார வைத்து, மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். நான்கு மாதம் கழித்துத் தையல் சாமான் கடை ஒன்றில் பொத்தான் பிரிவில் வேலை கிடைத்தது. சட்டையைக் கொண்டுவந்து, தொலைந்த பொத்தானுக்கு ஜோடி கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். நன்றாகவே செய்தாள்.

அங்கே ஒருநாள் தபால்கார அம்மா தேடி வந்தாள். திரும்பி வந்த பணம் அப்படியே இருப்பதாகவும், வேறொரு கடையில் நல்ல கம்மல் பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னாள். கூட வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். முத்தக்கா சாக்குப்போக்குச் சொல்லிப் பார்த்தாள். தபால்கார அம்மா விடவில்லை. முப்பது வருடம் கதவைத் தட்டியவளுக்கு இன்னும் கொஞ்சம் காத்திருப்பதா கஷ்டம்?

இருவரும் போனார்கள். முத்தக்கா கம்மலை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்தாள், பல்லில் உரசினாள், துளையோரத்தைப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த அம்மாவின் அகலமான முகத்துக்கு அளவும் எடுப்பாக இருந்தது.

"சொல்லுங்கம்மா, எடுத்துக்கட்டுமா?" என்றாள் தபால்கார அம்மா.

நல்லா இருக்கு, எடுத்துக்கோங்க என்பதை இருபத்தோரு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். இப்போது வாய் வரவில்லை. கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கம்மலைத் தட்டில் வைத்தாள்.

"நீங்களே பாத்து முடிவு பண்ணுங்கம்மா. நான் சொல்ல மாட்டேன்."

தபால்கார அம்மா கண்ணாடி முன் போய் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்து, தானே முடிவு செய்து வாங்கிக்கொண்டாள். முத்தக்கா வாசலில் நின்றபடி, சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.