குன்றிமணிப் பலகை

பளபளா என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். கடைகளுக்குப் பலகை எழுதுகிறவர். எதை வரைந்தாலும் கடைசியில் ஒரு பொட்டு வெள்ளையை வைத்து மினுக்கிவிடுவார். அவர் வரைந்த தக்காளியை நம்பிக் கடைக்குள் போய், கூடையில் கிடக்கிற தக்காளியைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்பியவர்கள் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, நல்ல கை. ஆனால் அந்தக் கையை யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், மனிதருக்குத் தலைகால் புரியாது.

பூங்காவில் ஊஞ்சலுக்குப் பின்னால் ஒரு கம்பிவேலி. அதில் குன்றிமணிக் கொடி படர்ந்து, நெற்று வெடித்து, சிவப்பும் கறுப்புமாக விதைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. கொடியை வெட்ட ஆள் வரும்வரை ஓர் எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்று பூங்காக் காவலாளி இவரிடம் வந்தார். விஷம் விதைக்குள்ளே இருக்கிறது. ஓடு கெட்டி என்பதால் முழுசாக விழுங்கிய பிள்ளை தப்பினாலும் தப்பும், கடித்து மென்றுவிட்டால் ஒரு விதையே ஆளை முடித்துவிடும். அதுவும் உடனே தெரியாது, பிள்ளை பாட்டுக்குச் சிரித்து விளையாடும், வாந்தியும் வயிற்றுவலியும் பிறகுதான் வரும். இவ்வளவையும் விலாவாரியாகச் சொல்லி, பெரிதாக ஒரு மண்டை ஓடு போடச் சொன்னார்.

"மண்டை ஓட்டை எவன் நின்னு பாப்பான்?" என்று பளபளா சிரித்தார்.

மண்டை ஓடு போடவில்லை. பலகை நிறையக் குன்றிமணி வரைந்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு மினுக்கு. 'விஷம், தொடாதே' என்பது படத்தைக் கெடுக்காமல் அடியில் ஒதுங்கிக் கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்து, கையில் எடுக்கலாம் போல இருக்கிறதே என்றார்கள். அதைக் காதால் கேட்பதற்காகவே இவர் அந்தப் பக்கம் சுற்றிச் சுற்றி வந்தார். காவலாளி மட்டும் முகம் கொடுக்கவில்லை. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு இது பழக்கடைப் பலகை மாதிரிதானே இருக்கும் என்று ஒருநாள் கேட்டார். பொறாமை பிடித்த மனுஷன் என்று இவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அடப்பாவி மனுஷா, அப்போதாவது ஒரு கறுப்பு மையை எடுத்து அதன்மேல் தீற்றியிருக்கக் கூடாதா?

ஒரு சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். நான்கு வயது. எழுத்து இன்னும் வரவில்லை, நிறமெல்லாம் அத்துப்படி, அப்பா சொல்லிக்கொடுத்தது. பலகையைக் காட்டிப் பெருமைப்படலாம் என்று பார்த்தால், அவள் கையை உதறிவிட்டு நேரே வேலிக்கு நடந்தாள்.

பின்னாலேயே போனவர் அப்போதுதான் கொடியைக் கவனித்தார். மேலே நெற்று நெற்றாக விதை. அவர் இடுப்புக்குக் கீழே ஒன்றுகூட இல்லை, எல்லாம் வெறும் தோல்.

நீயும் பறித்தாயா என்று கேட்டார். மத்தியானம் அம்மாவோடு வந்தபோது பறித்தாளாம். அம்மா யாருடனோ பேசிக்கொண்டிருந்தாளாம். வாயில் போட்டாயா என்றார். போட்டாளாம்.

முழுசாக விழுங்கியிருக்க வேண்டுமே, முழுசாக விழுங்கியிருக்க வேண்டுமே என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. அவள் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தார்.

"கண்ணு, அப்படியே முழுங்கிட்டியா, கடிச்சியா?"

அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் படத்தில் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்ட குஷி முகத்தில் தெரிந்தது.

"உள்ள வெள்ளையா இருக்குப்பா. நீ அதை வரையவே இல்ல."