மழைக்குப் பிறகு சொன்ன கிழமை

பேச்சியம்மாள் இறந்த செய்தியை அவள் தம்பி முருகேசன் போடியிலிருந்து தொலைபேசியில் சொன்னான். "எந்தப் பேச்சி?" என்று கேட்டேன். மதுரையில் ஒன்பது வருடம் எதிர்மேசையில் இருந்தவளைப் பற்றி அப்படிக் கேட்டேன். "நம்ம அக்காதாண்ணே. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு," என்றான்.

எங்கள் வேலை, இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். பிரபஞ்சம் பிறந்தவுடன் எப்படி விரிந்தது என்பதற்குப் பல கோட்பாடுகள் இருக்கின்றன. வானத்தின் மிகப் பழைய ஒளியை வைத்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று பேயீசியன் புள்ளியியலில் கணக்கிடுவோம். ஒவ்வொரு கோட்பாடும் தன் எண்கள் எந்த எல்லைக்குள் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எல்லை அகலமாக இருந்தால் மதிப்பெண் குறையும்.

ஏன் குறைய வேண்டும் என்று, சில வருடங்களுக்கு முன் நானும் பேச்சியும் போடிக்குப் போயிருந்தபோது, மலையடிவாரத்துக் குரங்கணிக்கு ஜீப் ஓட்டிக்கொண்டே முருகேசன் கேட்டான். பேச்சி விளக்கினாள்.

"மழை இந்த மாசத்துல என்னைக்காச்சும் வரும்னு ஒருத்தன் சொல்றான். இன்னொருத்தன் வியாழக்கிழமைங்கிறான். வியாழக்கிழமையே வந்துருச்சு. யாரடா நம்புவ?"

"ரெண்டாவது ஆளத்தான்."

"மொத ஆளு, மழை பேஞ்சப்பறம் நானும் வியாழன்னுதான் சொன்னேன்னு மாத்திக்கிட்டா?"

"களவாணிப்பயக்கா அவன்."

மூவரும் வெகுநேரம் சிரித்தோம்.

அந்தக் களவாணி நான்தான். என் கோட்பாடு தோற்றுக்கொண்டிருந்தது. தரவைப் பார்த்த பிறகு என் எல்லையைச் சுருக்கினேன், ஜெயித்துவிட்டது. "இது வெள்ளிக்கிழமை சொன்ன வியாழக்கிழமைண்ணே. கட்டுரைலருந்து எம்பேர எடுத்துருங்க," என்றாள் பேச்சி. எடுத்துவிட்டேன். அவளுக்குப் பொறாமை என்று உங்களில் சிலரிடமே சொன்னேன். கட்டுரை என் பெயரில் மட்டும் வந்தது. அதன்பின் அவள் இறக்கும்வரை, ஒரு வருடத்துக்கு மேல், நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் அதே எதிர்மேசையில்தான் இருந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது அவள் பத்திரப்படுத்தியிருந்த ஒரு தாளை முருகேசன் கொடுத்தான். தரவைப் பார்க்கும் முன் நான் எழுதிய எல்லை, என் கையெழுத்தில், தேதியோடு. அதை அவள் ஒருவரிடம் காட்டியிருந்தால் என் மானம் போயிருக்கும்.

"யாருகிட்டயும் காட்டக்கூடாதுன்னு அக்கா சொல்லுச்சுண்ணே. நீங்களே ஒருநா வந்து கேப்பீங்களாம்."

வாசலில் நின்று அழுதேன்.

பழைய எல்லையை வைத்துத் திரும்பக் கணக்கிட்டேன். என் கோட்பாடு தோற்றுவிட்டது. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டேன். பேச்சியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாள்தான். அதை நான் போய்க் கேட்கவில்லை. அவள் செத்ததால் என் கைக்கு வந்தது. எனக்குத் தெரிந்து அவள் கணிப்புகளில் பொய்த்துப்போனது அது ஒன்றுதான்.