லேடாங் உச்சியில் பறித்த இலைகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று ஆய்வுக்கூடத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். லேடாங் மலை உச்சியிலிருந்து கொண்டுவந்த இலைகளின் மரபணு, திரையில் அத்தனையும் ஒன்றுபோலவே தெரிந்தது.

வேலைக்குப் போய்க்கொண்டே, நாற்பது தாண்டிய பிறகு முதுகலை படிக்கிறேன். என்னைக் குடைந்த கேள்வி இதுதான். பனியுகத்தில் மலேசியாவின் தென்கோடியான எங்கள் ஜொகூரில் பனி கொட்டவில்லை. ஆனால் நன்றாகக் குளிர்ந்தது, கடல் இறங்கியது. இன்று சிங்கப்பூர் போகும் பாலத்தின் மேல் நெரிசலில் நின்று சலித்துக்கொள்கிறோமே, அதன் அடியில் இருக்கும் நீரிணை அப்போது காய்ந்த தரை. மலை உச்சியில் மட்டுமே வாழும் செடிகள் அந்தக் குளிரில் தாழ்வான இடங்களுக்கு இறங்கிப் பரவியிருக்கலாம். மறுபடி சூடேறியதும் மேலே ஏறி, மலைக்கொரு கூட்டமாகப் பிரிந்திருக்கலாம். அப்படியானால் லேடாங்கின் குட்டைப் புதர்களுக்குள் பழைய வகைகள் பல மிஞ்சியிருக்க வேண்டும். எல்லாம் ஒன்றுபோல் இருந்தால், எப்போதோ பறவை கொண்டுவந்து போட்ட ஒரே விதையின் வம்சம் என்று அர்த்தம். எது உண்மை என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு விதைதான் என்று முடிவு கட்டிப் பேராசிரியரிடம் ஓடினேன். மலாய்க்கார அம்மையார், அதிர்ந்து பேசமாட்டார். படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தாய்ப் பிள்ளைகள்கூட இவ்வளவு ஒன்றாக இருக்கமாட்டார்கள், இது ஒரே செடி என்றார். ஆய்வுக்கூடத்தில் இலைகளைச் சோதிக்க இன்னும் ஒரு முறைதான் எனக்கு இடம் உண்டு, அதுவும் தவறினால் தலைப்பையே மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

இலைகளைப் பறித்தது என் அண்ணன். மலையேறிய அன்று முழங்கால் மக்கர் செய்ததால் நான் பாறையில் சாத்தியிருக்கும் கடைசி ஏணிக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். வழிகாட்டியோடு அவர்தான் உச்சிக்குப் போனார்.

அன்று மாலையே தம்போயில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். சிங்கப்பூருக்கு லாரி ஓட்டுகிறவர். லீவு நாளில் கோயிலில் அர்ச்சனைக்கு வில்வம் பறித்து ஆய்ந்து கொடுப்பார்.

“அண்ணே, எத்தன செடியில பறிச்ச?”

“ஒரே செடிதான் லா. மத்ததெல்லாம் புழு கடிச்சி ஓட்ட ஓட்டயா இருந்துச்சு.”

“செடிக்கு ஒரு இலைன்னு படிச்சி படிச்சி சொன்னேனே.”

“சொன்ன. நல்ல இலையா பாத்துப் பறின்னும் சொன்ன. உன் படிப்புக்குப் போறது, ஓட்டய எப்படிக் கொண்டு வர்றது?”

ஓட்டை விழுந்த வில்வத்தை ஒதுக்கி ஒதுக்கியே பழகிய கை அது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை. அண்ணி கொடுத்த டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டேன்.

அடுத்த மாதம் மறுபடி அனுமதி வாங்கி, முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு அண்ணனோடு நானும் உச்சிவரை ஏறினேன். மூடுபனியில் ஒவ்வொரு புதராகக் குனிந்து பார்த்தோம். பாறை இடுக்கில் ஒரு நோஞ்சான் செடி. முழு இலை ஒன்றுகூட இல்லை, எல்லாம் சல்லடை. அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

“இதையுமா?”

“இதையும்தான்.”

விருப்பமே இல்லாமல் ஒன்றைக் கிள்ளி, அதற்கென்று இருந்த பையில் போட்டார்.

முடிவு வந்தபோது புதருக்குப் புதர் வித்தியாசம் இருந்தது. அந்த நோஞ்சான் செடி எதனோடும் ஒட்டவில்லை. அதன் வகையை எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதுவரை வடக்கே இருக்கும் உயர்ந்த மலைகளில் மட்டுமே பார்த்திருந்தோம். நடுவில் இப்போது இருப்பதெல்லாம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டமும் நெடுஞ்சாலையும்தான். ஒரு காலத்தில் அந்த வழி நெடுகிலும் இந்தச் செடி நின்றிருக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணனைக் கூப்பிட்டேன். பாலத்து நெரிசலில் நின்றிருந்தார்.

“அண்ணே, அந்தச் சல்லடை இலைதான் படிப்பைக் காப்பாத்துச்சு. அந்தப் பழைய வகை அந்த உச்சியில வேற எதுலயும் கெடைக்கல.”

“அப்போ நான் கோயில்ல இத்தன வருசமா ஒதுக்கிப் போட்டதுல,” என்றார் மெதுவாக, “என்னென்ன இருந்துச்சோ.”