மணல்குழியில் புதைத்தது

கடலோரத்து கோல்ஃப் மைதானத்தில் அவளுக்கு மணல்குழி வாருகிற வேலை. எல்லோருக்கும் அவள் வாரியக்காதான்.

அங்கே மணல்மேடுகளை மட்டம் தட்டவில்லை, ஒரு மரம்கூட நடவில்லை. கடற்காற்று பந்தை எங்கே தள்ளுகிறதோ அங்கே போகட்டும் என்று விட்டிருந்தார்கள். அந்தக் காலத்து முறையாம். "இயற்கை கொடுத்தது கொடுத்தபடி" என்று மேனேஜர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். மேடுகளுக்கு நடுவே ஆள் மறைகிற பள்ளமாக மணல்குழிகள். பந்து அதில் விழுந்தால் ஆடுகிறவர் பாடு திண்டாட்டம். அவர் மேலே ஏறிப் போனதும், மிதித்துக் குழப்பிய மணலை பல் வைத்த வாரியால் மெழுகினாற்போல் இழுத்துவிடுவது இவளும் இவளுடைய நாத்தனாரும். சுருட்டுத் துண்டு, காறித் துப்பிய சளி, மறைவாக இருக்கிறதே என்று பெய்துவிட்டுப் போன ஈரம் எல்லாம் அதில் கிடக்கும். குமட்டலை விழுங்கிக்கொண்டு வாருவாள்.

பெரிய போட்டிக்கு முதல் நாள் காலை, கரையில் ஒரு டால்பின் செத்து ஒதுங்கியிருந்தது. வயிறு ஊதி, தோல் உரிந்து, கண் இருந்த பள்ளத்தில் நண்டு புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது.

"வனத்துறை ஆபீசுக்குச் சொன்னா வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க சார்" என்றாள் மேனேஜரிடம்.

"சொன்னா கரையையே மூடிடுவாங்க. நாளைக்கு யார் யாரெல்லாம் வர்றாங்க தெரியுமா? அதோ, அந்த மணல்குழியில தோண்டி உள்ள தள்ளுங்க. மேல நல்லா வாரி விட்ருங்க. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

தார்ப்பாயில் போட்டு இழுத்தார்கள். பாதி வழியில் வயிறு வெடித்தது. அவள் தள்ளிப் போய் வாந்தியெடுத்தாள்.

"மூச்சை அடக்கிட்டு இழுங்க அண்ணி, முடிஞ்சிரும்" என்றாள் நாத்தனார். அவள் கண்ணிலும் தண்ணீர்.

வீட்டுக்குப் போய்த் தோல் எரிகிற அளவுக்குத் தேய்த்துக் குளித்தார்கள். சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெயில் ஏற ஏற மணலுக்குள்ளிருந்து நாற்றம் கிளம்பியது. விருந்தாளிகள் அந்தப் பக்கம் வந்ததுமே ஓர் அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் வாரியோடு நின்ற இந்த இரண்டு பேரையும் பார்த்தார்.

"மன்னிக்கணும். குளிச்சுட்டு வேலைக்கு வாங்கன்னு எத்தனை தடவை சொன்னாலும் இவங்களுக்கு ஏறாது."

விருந்தாளிகள் சட்டென்று விலகி நின்றார்கள். நாத்தனார் தன் சட்டைக் கையை மெதுவாக முகர்ந்து பார்த்தாள்.

அதைப் பார்த்த வாரியக்கா விடுவிடுவென்று குழிக்குள் இறங்கி வாரியால் மணலை இழுத்தாள். நாலு இழுப்பில் வால் தெரிந்தது.

"நாங்க குளிச்சுட்டுத்தான் வந்தோம். நாத்தம் இங்கேருந்து வருது. நேத்து இதைப் புதைக்கச் சொன்னது இவர்தான்" என்றாள்.

யாராவது மேனேஜரை ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று நின்றாள். ஒருவர் கையில் இருந்த மட்டையைத் துடைத்துக்கொண்டே, "இதை விட்டுட்டு அந்தப் பக்கம் போய் ஆடலாமா?" என்றார். போய்விட்டார்கள். கொஞ்ச தூரத்தில் மேனேஜரும் அவர்களும் சேர்ந்து சிரிப்பது காதில் விழுந்தது.

அன்றே வேலை போயிற்று. "வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றான் புருஷன்.

"எங்களைக் கண்டு விலகினவங்க மூஞ்சியை நீ பார்க்கல" என்று அதோடு விட்டாள்.

இப்போது ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கப் போகிறாள். சீழும் ரத்தமுமாக வரும். அதை யாரும் அவளுடையது என்று சொல்வதில்லை.

நாத்தனார் அங்கேயேதான் இருக்கிறாள். டால்பினை மறுபடி தோண்டி எடுத்ததும் அவள்தான். ஒருநாள் இவளைப் பார்க்க வந்தவள் மேலெல்லாம் திகட்டுகிற பூ மணம்.

"தினம் வாசல்லயே நிக்க வச்சு வேலைக்கு வர்ற எல்லார் மேலயும் சென்ட் அடிக்கிறாங்க அண்ணி. நல்ல வாசனைதான், இல்ல?"

வாரியக்கா எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தாள்.