வம்பனில் வாங்கிய டிக்கெட்

என் பர்ஸில் பள்ளி அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு பஸ் டிக்கெட் இருக்கிறது. மெஷினில் அடித்துத் தருகிற சின்னச் சீட்டு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை என்பதால் கட்டணம் போட வேண்டிய இடத்தில் பூஜ்யம்தான் இருந்தது. ஏறிய இடம் வம்பன், இறங்கிய இடம் ஆலங்குடி. நடுவில் இருக்கும் தூரம் ஆறேழு கிலோமீட்டர். நான் போன பயணங்களிலேயே என்னை அதிகம் படுத்தியது இதுதான். இந்தச் சீட்டைக் கிழித்துத் தந்த கண்டக்டரை நினைத்தால் இன்றும் முதலில் வருவது கூச்சம். நன்றியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. கேஸை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடிய நாட்கள் உண்டு. வீடு ஆலங்குடியில், கணக்கு டீச்சர் வேலை புதுக்கோட்டையில், தினமும் எட்டு மணி டவுன் பஸ். அதே பஸ்ஸில் ஓர் அம்மா தன் பன்னிரண்டு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறுவாள். பிறந்ததிலிருந்து கால் நிற்காத பெண். புதுக்கோட்டையில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பகல் பள்ளி உண்டு, அங்கே போக வேண்டும். அவர்கள் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்த பிறகுதான் கண்டக்டர் இரண்டு விசில் கொடுப்பார். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். ஒருநாள் படியில் அம்மாவின் கால் வழுக்கி, மகளின் நெற்றி கம்பியில் இடித்துவிட்டது. மகள் அழவில்லை. அம்மாதான் புதுக்கோட்டை வரை அழுதுகொண்டே வந்தாள்.

அந்தப் பள்ளிக்கு ஒரு வேன் வாங்கித் தர வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது அப்படித்தான். கேட்கக்கூடியவர்களிடமெல்லாம் கேட்டோம், போதவில்லை. என்னிடம் படித்த பெண்ணின் அப்பா ஒருவர் பல வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து கோட்டைப்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவரிடம் போனபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "துபாய்ல நல்ல காரியத்துக்குன்னு மாரத்தான் ஓடுவாங்க டீச்சர். அதைப் பாத்துத்தான் நானே கையில உள்ளதைக் குடுத்திருக்கேன். திருச்சியில இப்ப ஒண்ணு வைக்கிறாங்களாம். முழுத் தூரத்தையும் நீங்க ஓடி முடிங்க, வேனுக்குக் கொறையிறத நான் போடுறேன்." நாற்பத்திரண்டு கிலோமீட்டர். எனக்கும் அப்போது வயது நாற்பத்திரண்டு. நான் சிரித்து மழுப்புவேன் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது "சரிங்க பாய்" என்பதுதான்.

முதல் நாள் விடியற்காலை, சுடிதாரின் துப்பட்டாவைக் குறுக்கே கட்டி ஊக்கு குத்திக்கொண்டு புதுக்கோட்டை ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். இருநூறு மீட்டர்கூட இருக்காது. பின்னால் வந்த முதல் டவுன் பஸ் என்னைத் தாண்டிப் போய் நின்றது. எட்டு மணி பஸ்ஸின் அதே கண்டக்டர். பின்படியில் தொங்கிக்கொண்டு, "மெதுவா வாங்க டீச்சர், விட்டுட்டுப் போக மாட்டோம்" என்றார். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். பஸ்ஸே காது கொடுத்துக் கேட்டது. "சும்மாவா ஓடுறீங்க?" என்று ஒரு பூக்கார அம்மா ஜன்னல் வழியாகக் கேட்டாள். எங்கள் பக்கத்தில் வளர்ந்த பொம்பளை ஓடினால் ஒன்று பஸ் போயிருக்க வேண்டும், அல்லது யாராவது போயிருக்க வேண்டும். அந்த வாரத்திலேயே ஒரு பெரியவர் "யாருக்கு என்னத்தா ஆச்சு?" என்று கேட்டபடி மொபெட்டில் கூடவே வந்தார். ஒன்றுமில்லை என்று சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

அதன் பிறகு அந்த பஸ்தான் எனக்கு அளவுகோல். நான் கிளம்பிச் சரியாகக் கால் மணி நேரம் கழித்து அது ஆலங்குடியை விட்டுக் கிளம்பும். முதல் வாரம் ரைஸ் மில்லுக்கு முன்பே என்னைத் தாண்டியது. மாதம் போகப் போக தென்னந்தோப்பு, பிறகு முந்திரிக்காடு. ஒவ்வொரு முறையும் கண்டக்டர் தலையை நீட்டி "நேத்தைக்கு இன்னைக்கு நாலு மரம் கூட டீச்சர்" என்று கணக்குச் சொல்வார். எனக்கோ நெஞ்சு படபடத்தால் மாரடைப்போ என்று பயம், படபடக்காவிட்டால் சரியாக ஓடவில்லையோ என்று பயம். கால் நகம் ஒன்று கறுத்து விழுந்தது. நாய் பயம் தனி. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிக்க முடியாமல் போனால் அந்த அம்மாவின் முகத்தை எட்டு மணி பஸ்ஸில் எப்படிப் பார்ப்பது என்ற பயம். வேன் வரப்போகிறது என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மகளின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைப்பாள்.

போட்டிக்கு ஐந்து வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் பி.டி. சார் சொல்லியிருந்தார். இதை முடித்தால் மிச்சம் தானாக வரும் என்றார். இருட்டோடு கிளம்பி, திருவரங்குளம் தாண்டிப் போய்த் திரும்பினேன். வம்பன் வரும்போது வெயில் ஏறிவிட்டது. இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மரத்தடியில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க மனசில்லை. பின்னால் பஸ் வந்தது. நான் கையைக் காட்டினேன். கண்டக்டர் கைகொடுத்து ஏற்றி, டிக்கெட்டைக் கையில் வைத்தார்.

ஆலங்குடியில் இறங்கிய பிறகுதான் போனைப் பார்த்தேன். தூரம் அளக்கும் ஆப்பை நிறுத்த மறந்திருக்கிறேன். பஸ் ஓடியதையும் சேர்த்து முப்பத்திரண்டு என்று காட்டியது. அழித்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து, வேனுக்காக வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் பாய் கேட்டிருந்தார், "டீச்சர் முடிச்சாச்சா?" தூரம் மட்டும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பினேன். கடைசி ஆறு கிலோமீட்டரை நான் என்ன வேகத்தில் ஓடினேன் என்பதை மறைத்தேன். பிள்ளைகளுக்கு தூரம், வேகம், நேரம் கணக்கு நடத்துகிறவள் நான். கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் எட்டு மணி பஸ்ஸில் என் சக டீச்சர் எல்லோருக்கும் கேட்கும்படி, "அண்ணே, நேத்து எங்க டீச்சர் முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிட்டாங்க, தெரியுமா?" என்று கண்டக்டரிடம் சொன்னாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "தெரியுமே. நாந்தான் பாத்தேன்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்கு டிக்கெட் அடிக்கப் போய்விட்டார். அந்த அம்மா மகளின் கையைத் தூக்கி டாட்டா காட்டினாள். கண்டக்டர் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு கூனிப்போயிருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு யாரிடமும் சொல்லாமல் மறுபடியும் கிளம்பினேன். அதே ரோடு, அதே வெயில், வம்பனில் அதே கால். பின்னால் பஸ் சத்தம் கேட்டதும் என் கை தானாக உயர்ந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. பஸ் வேகம் குறைந்து பக்கத்தில் வந்தது. பின்படியில் கண்டக்டர் நின்றிருந்தார். என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினார். பஸ் போய்விட்டது.

எனக்குத் தெரிந்த வசவுகள் அத்தனையும் அந்த முந்திரிக்காட்டில் அவருக்குக் கிடைத்தன. திட்டுவதற்காகவே நடக்க ஆரம்பித்தேன், கோபத்தில் நடை எப்போது ஓட்டமானது என்று தெரியவில்லை. ஆலங்குடி வந்தபோது போன் முப்பத்திரண்டு காட்டியது. பொய்யாக ஓடியதை ஊருக்கே சொன்னவளுக்கு, உண்மையாக ஓடியதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

திருச்சியில் கடைசி ஆட்களில் ஒருத்தியாக, போட்டி நேரம் முடியச் சில நிமிஷம் இருக்கையில் முடிவுக் கோட்டைத் தாண்டினேன். பாய் சொன்ன சொல் மாறவில்லை. வேன் வந்தது. எட்டு மணி பஸ்ஸில் அந்த அம்மாவும் மகளும் உட்கார்ந்து வந்த சீட்டில் இப்போது வேறு யார் யாரோ உட்காருகிறார்கள்.

கண்டக்டருக்கு வேறு டிப்போவுக்கு மாற்றல் வந்த வாரம், பஸ் ஸ்டாண்டில் வைத்து அந்த இரண்டு விசிலைப் பற்றிக் கேட்டேவிட்டேன். அவர் காசுப் பையின் வாரைச் சரிசெய்துகொண்டே பேசினார். "அன்னைக்கு வண்டி காலியாத்தான் போச்சு டீச்சர். ஏத்தியிருக்கலாம். அந்தப் புள்ளைய நெனச்சு விசிலை ஊதிட்டேன். ஆனா அப்பறம் மனசே கேக்கல. எங்கயும் விழுந்து கெடக்கீங்களோன்னு அடுத்த ட்ரிப்புல ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே வந்தேன். ஒங்களக் காணோம்னதும் இன்னும் பயமாப் போச்சு." மறுநாள் காலையில் என்னை எட்டு மணி பஸ்ஸில் பார்க்கும்வரை அவர் சரியாகத் தூங்கவில்லையாம். பயந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வகைச் சீட்டில் மை நிற்பதில்லை. வம்பன் முதலில் போனது, பிறகு ஆலங்குடி, பிறகு அந்தப் பூஜ்யம். இன்று எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். பாயிடம் காட்டி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல தடவை கையில் எடுத்திருக்கிறேன், இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

போன வாரம் வம்பன் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பஸ் என்னைத் தாண்டிப் போய் நின்றது. புதுக் கண்டக்டர், சின்ன வயது. "ஓடியாங்கம்மா, நிக்கிறோம்" என்று கூப்பிட்டார். நான் வேண்டாம் என்று கையசைத்தேன். அவருக்குப் புரியவில்லை, பஸ்ஸும் நகரவில்லை. கால் வலித்தது, படி பக்கத்தில்தான் இருந்தது. நான் அதைத் தாண்டி ஓடினேன். உள்ளேயிருந்து அந்தப் பூக்கார அம்மாவின் குரல் கேட்டது. "அவங்க ஏற மாட்டாங்கப்பா. ரெண்டு விசிலக் குடு."